தட்டணு குறைந்தால் டெங்கு மட்டும்தானா?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உழவர்கரைப் பக்கம் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் அடிப்பதும், லேப் வாசலில் ரத்தப் பரிசோதனைத் தாளோடு பெற்றோர் நிற்பதும் வழக்கம். ரெட்டியார்பாளையமானாலும் லாஸ்பேட்டையானாலும் எல்லோர் கண்ணும் முதலில் போவது 'ப்ளேட்லெட்', அதாவது தட்டணு, என்கிற வரிக்குத்தான். குறைந்திருந்தால் டெங்கு என்று நாமே முடிவு செய்துகொண்டு பப்பாளி இலை தேடக் கிளம்பிவிடுகிறோம்.

பெரும்பாலும் அது டெங்குவாகவே இருக்கும். ஆனாலும் அதே தாளில் ஹீமோகுளோபினையும் வெள்ளை அணுக்களையும் சேர்த்துப் பாருங்கள். டெங்குவில் ரத்தம் கெட்டிப்படுவதால் ஹீமோகுளோபின் பொதுவாகக் குறையாது, சில பிள்ளைகளுக்குச் சற்று ஏறக்கூடச் செய்யும். தட்டணுவும் ஹீமோகுளோபினும் சேர்ந்து சரிந்திருக்கிறது, வெள்ளை அணு மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருக்கிறது, பிள்ளை வெளுத்துப்போய் இருக்கிறது, அடிபடாத இடத்தில் கன்றியிருக்கிறது, பல் துலக்கினால் ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

ஏன் இந்த அவசரம்? குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு, ஏ.எல்.எல். என்று சொல்லப்படும் லிம்ஃபாய்டு வகை. மிச்சத்தில் பெரும்பகுதி ஏ.எம்.எல். எனும் மைலாய்டு வகை. அந்த மைலாய்டு வகையிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பிள்ளைகளுக்கு வருவது ஏ.பி.எல்., அதாவது அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுகேமியா. இது அரிது. கண்டுகொள்ளாமல் விட்டால் சில நாட்களிலேயே உயிரைப் பறித்துவிடும். உரிய நேரத்தில் பிடித்துவிட்டாலோ, ரத்தப் புற்றுநோய்களிலேயே மிக நன்றாகக் குணமாகிற வகைகளில் ஒன்று. பிழைப்பதும் பிழைக்காததும் முதல் சில நாட்களில்தான் இருக்கிறது.

மற்ற வகைகளில் தட்டணு குறைவதால் ரத்தம் கசிகிறது. ஏ.பி.எல்.லில் அதோடு இன்னொரு கேடும் சேர்ந்துகொள்கிறது. முற்றாத வெள்ளை அணுக்களிலிருந்து கசியும் பொருட்கள், ரத்தம் உறையும் ஏற்பாட்டையே குலைத்துவிடுகின்றன. ஃபைப்ரினோஜன் என்ற உறைபுரதம் செலவழிந்து தீர்ந்துபோகிறது, உறைந்ததும் கரைகிறது. மூளைக்குள் ரத்தம் கசிவதுதான் இந்தப் பிள்ளைகளை இழப்பதற்கு முதல் காரணம். அதனால்தான் பி.டி., ஏ.பி.டி.டி. என்ற உறைதல் சோதனைகளையும் ஃபைப்ரினோஜன் அளவையும் உடனே பார்க்கிறார்கள், ப்ளேட்லெட்டும் உறைபுரதம் உள்ள க்ரையோவும் விடாமல் ஏற்றுகிறார்கள்.

நோயை முதலில் காட்டிக்கொடுப்பது பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, ஒரு ஸ்மியர்தான். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, எண்ணெய் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஏ.பி.எல். அணுவுக்குள் செவ்வூதா மணிகள் உட்கருவே தெரியாதபடி அப்பியிருக்கும். சில அணுக்களில் மெல்லிய சிவப்புக் குச்சிகள் விறகுக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பழகிய கண்ணுக்கு இது போதும். மணிகள் புலப்படாத ஒரு வகையும் உண்டு. அதில் வெள்ளை அணு எண்ணிக்கை எகிறியிருக்கும், ஆபத்தும் கூடுதல்.

பிறகு இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து ஃப்ளோ சைட்டோமெட்ரி பார்ப்பார்கள். 15ஆம் குரோமோசோமின் துண்டும் 17ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டு, பி.எம்.எல்.-ராரா என்ற கலப்பு மரபணு உருவாகியிருக்கிறதா என்று ஃபிஷ் அல்லது பி.சி.ஆர். சோதனையில் உறுதி செய்வார்கள். அந்த முடிவு வரும்வரை மருந்து காத்திருக்கக்கூடாது என்பதுதான் உலகம் முழுக்க உள்ள விதி. சந்தேகம் வந்த அன்றே ஆட்ரா காப்ஸ்யூலைத் தொடங்கிவிட வேண்டும். கடைசியில் வேறு நோய் என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம். ரத்தம் கசியும் ஆபத்து இருப்பதால், முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதையும் கழுத்து ரத்தக்குழாயில் பெரிய குழாய் போடுவதையும் அப்போது தவிர்ப்பார்கள்.

ஆட்ரா என்பது வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து. புற்று அணுவை அது நேரடியாகக் கொல்வதில்லை, முற்றாமல் நின்றுபோன அணுவை முற்றச் செய்கிறது. ஷாங்காயில் வாங் ஜென்யி என்ற மருத்துவர் 1985இல் முதன்முதலாக இதை 5 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கொடுத்தார். கீமோ கைவிட்ட நிலையில் இருந்த அந்தக் குழந்தை பிழைத்தது. 1988இல் அவர் குழு 24 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. அத்தனை பேருக்கும் நோய் தணிந்திருந்தது.

இரண்டாவது மருந்து ஆர்செனிக் ட்ரை ஆக்சைடு. இதுவும் சீனாவில், ஹார்பினில், 1970களில் தொடங்கியது. இதில் நம் பக்கத்து ஊருக்குப் பெரும் பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் விக்ரம் மேத்யூஸும் அவருடைய சக மருத்துவர்களும், கீமோ செலவைத் தாங்க முடியாத நோயாளிகளை மனதில் வைத்து, புதிதாக நோய் கண்டவர்களுக்கு ஆர்செனிக் ஒன்றையே முதல் மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1998 முதல் 2004 வரை 72 பேர். அவர்களில் 86 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது என்று 2006இல் எழுதினார்கள். குழந்தைகளைப் பற்றித் தனியாகவும் 2004இல் எழுதியிருக்கிறார்கள். பணமில்லாதவர்களுக்காகத் தேடிய வழி இன்று எல்லா நாட்டு நோயாளிகளுக்கும் பொதுவழியாகிவிட்டது என்பதைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் அறிவோம்? அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலுமாக 154 பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் ஆட்ராவும் ஆர்செனிக்கும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 96 முதல் 98 சதவீதம். பெரும்பாலோருக்கு வழக்கமான கீமோ தேவைப்படவே இல்லை.

ஆர்செனிக் என்றதும் வெள்ளைப் பாஷாணம் நினைவுக்கு வரும், சித்த மருந்தாகவே வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று சொந்தக்காரர் யாராவது சொல்லவும் செய்வார்கள். தயவுசெய்து வேண்டாம். எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் என்று அளந்து, தினமும் இரண்டு மணி நேர ட்ரிப்ஸாக ஏற்றுகிற மருந்து இது. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது என்பதால் அடிக்கடி ஈ.சி.ஜி. எடுப்பார்கள், பொட்டாசியமும் மெக்னீசியமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

சிகிச்சையின் முதல் வாரங்களில் பக்கத்தில் இருக்கும் அம்மா கவனிக்க வேண்டியவையும் உண்டு. திடீர்க் காய்ச்சல், மூச்சுத் திணறல், ஓரிரு நாளில் எடை கூடுதல், முகம் வீங்குதல் எதுவானாலும் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். அணுக்கள் ஒரேயடியாக முற்றும்போது வரும் சிக்கல் அது. டெக்ஸாமெத்தசோன் உடனே போட்டால் அடங்கும். ஆட்ரா சில பிள்ளைகளுக்குத் தலைக்குள் அழுத்தத்தைக் கூட்டும். தலைவலி, வாந்தி, இரட்டையாகத் தெரிவது போன்றவற்றைப் பிள்ளை சொன்னால் அடம் என்று தள்ளிவிடாதீர்கள்.

அரிய வகைகள் இன்னும் சில உண்டு. பிலடெல்பியா குரோமோசோம் உள்ள ஏ.எல்.எல்.லுக்குக் கீமோவோடு இமாடினிப் மாத்திரை சேர்ப்பார்கள். அதன் காப்புரிமை வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இந்தியாவில் மலிவான மாத்திரை தொடர்ந்து கிடைக்க வழிவிட்டது. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிறு குழந்தைகளுக்கு வரும் மைலாய்டு வகை, குறைந்த அளவு கீமோவுக்கே நன்றாகக் கேட்கும். ஒரு வயதுக்குள் வரும் ஏ.எல்.எல். இன்றும் கடினமானதுதான். வகை தெரியாமல் மருந்து இல்லை. அதற்காகத்தான் ஒரே மஜ்ஜையில் இத்தனை சோதனைகள்.

உழவர்கரைக்காரர்களுக்கு ஒரு வசதி, வீட்டுக்கு அருகிலேயே மருத்துவமனைகள் இருப்பது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது, அங்கே மெடிக்கல் ஆன்காலஜி துறையும் உண்டு. ரத்தக் கசிவோடு போகிறவர்கள் ஓ.பி. வரிசையில் நிற்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்கு பாரசிட்டமால் தவிர ப்ரூஃபெனோ ஆஸ்பிரினோ கொடுக்காதீர்கள், தசையில் ஊசியும் வேண்டாம். "ஸ்மியர் பார்த்துவிட்டீர்களா டாக்டர்?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

ஏ.பி.எல். சிகிச்சை பல மாதங்கள் நீளும். அதற்குள் பிள்ளை ஓடி விளையாடத் தொடங்கிவிடும், ட்ரிப்ஸுக்குப் போவதை நிறுத்திவிடலாமா என்று மனம் அலையும். பி.சி.ஆரில் அந்தக் கலப்பு மரபணு மறைந்துவிட்டது என்று தெரிந்த பிறகும், மருத்துவர் சொன்ன கடைசிச் சுற்று வரை மருந்தை முடித்துவிட வேண்டும். பிறகு திரும்பப் பார்க்க வரச்சொல்லும் தேதிகளையும் தவறவிடக்கூடாது.