ஷிராஸிலிருந்து ஜான்சன் மார்க்கெட் வரை

பெங்களூரு ரிச்மண்ட் டவுனில், ஜான்சன் மார்க்கெட் பக்கத்தில், மஸ்ஜிதே அஸ்கரி என்ற ஷியா பள்ளிவாசல் இருக்கிறது. மொகரம் பத்தாம் நாளன்று இந்த வட்டாரத்தில் கறுப்புடை அணிந்தவர்களின் துக்க ஊர்வலம் போகும். கன்னிங்காம் சாலைக்கு அருகே அலி அஸ்கர் சாலை. பள்ளிவாசல், சாலை இரண்டின் வரலாறும் ஈரானிலிருந்து வந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆகா அலி அஸ்கர் 1808இல் ஷிராஸ் நகரில் பிறந்தவர். பதினாறு வயதில் குதிரைகளோடு பெங்களூரு வந்து, கன்டோன்மென்ட் படைக்கும் மைசூர் அரண்மனைக்கும் குதிரை விற்றார். பின்னர் கமிஷனர் மார்க் கப்பனின் ஆதரவில் கன்டோன்மென்ட்டில் பங்களாக்கள் கட்டினார். ஜான்சன் மார்க்கெட் இருக்கும் இடம் அவருடைய குதிரை லாயமாக இருந்தது என்பார்கள்.

குதிரை வந்த வழி நமக்குப் புதிதல்ல. பாண்டிய நாட்டுக் காயலில் ஹோர்முஸிலிருந்து குதிரைகள் வந்து இறங்கியதை 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். இன்று செய்திகளில் அடிபடும் ஹோர்முஸ் நீரிணை அதே கடல்வாசல்தான்.

ஈரானின் பரப்பு சுமார் 16.48 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவில் பாதி. மேற்கில் சாக்ரோஸ் மலைத்தொடர், வடக்கில் அல்போர்ஸ். அல்போர்ஸின் தெற்கு அடிவாரத்தில் தலைநகர் தெஹ்ரான். நடுவிலும் கிழக்கிலும் உப்புப் பாலையும் மணற்பாலையும். காஸ்பியன் கடலோரம் மட்டும் மழை கண்ட பச்சை நிலம். மலையடி நீரைச் சுரங்கக் கால்வாய் வெட்டி ஊருக்குக் கொண்டுவரும் கலையை வளர்த்தவர்கள் ஈரானியர்கள். அந்தக் கலை கர்நாடகத்துக்கும் வந்தது. பஹ்மனி சுல்தான்கள் காலத்துக் கரேஸ் கால்வாயை பீதரில் இன்றும் பார்க்கலாம்.

மக்கள்தொகை ஏறத்தாழ 9 கோடி. ஆட்சிமொழி பாரசீகம். எனினும் அசேரிகள், குர்துகள், லூர்கள், பலூச்சிகள், அரபுகள் எனப் பல இனத்தவர் சேர்ந்த நாடு அது. பெரும்பாலோர் ஷியா முஸ்லிம்கள். 290 இடங்கள் கொண்ட நாடாளுமன்றமான மஜ்லிஸில் ஐந்து இடங்கள் ஆர்மேனியர், அசீரியர், யூதர், ஜொராஸ்திரியர் ஆகியோருக்கு ஒதுக்கப்பட்டவை. பெங்களூரு குயின்ஸ் சாலையில் கோயில் வைத்திருக்கும் பார்சிகளின் மூதாதையர் ஈரானிய ஜொராஸ்திரியர்களே.

ஈரானின் ஆட்சிமுறையைத்தான் நாம் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறோம். முதல் மஜ்லிஸ் 1906இலேயே கூடியது. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கேட்டு வணிகர்களும் மதகுருக்களும் படித்தவர்களும் நடத்திய போராட்டத்தின் பலன் அது. எண்ணெய் கிடைத்தது 1908இல். லாபத்தின் பெரும்பகுதி பிரிட்டிஷ் நிறுவனத்துக்கே போனது. 1951இல் பிரதமர் மொசாதெக் எண்ணெயை நாட்டுடைமையாக்கினார். 1953இல் அமெரிக்காவும் பிரிட்டனும் தூண்டிய கவிழ்ப்பில் பதவி இழந்தார். அந்தக் காயத்தை மறந்துவிட்டு 1979 புரட்சியைப் புரிந்துகொள்ள முடியாது.

புரட்சிக்குப் பின் மன்னர் இடத்துக்கு மதகுருவான உச்சத் தலைவர் வந்தார். படை, நீதித்துறை, அரசு ஒலிபரப்பு எல்லாம் அவர் கையில். அவரைத் தேர்ந்தெடுப்பது மக்கள் வாக்களித்து அமைக்கும் நிபுணர் சபை. அதிபரும் மஜ்லிஸ் உறுப்பினர்களும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தலில் வருகிறார்கள். ஆனால் யார் வேட்பாளராக நிற்கலாம் என்பதை 12 பேர் கொண்ட காவலர் சபை முடிவுசெய்கிறது. அவர்களில் ஆறு பேரை நியமிப்பவர் உச்சத் தலைவர். வாக்குச்சாவடிக்குப் போகும் முன்பே பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது. 2022இல் மஹ்சா அமினி என்ற இளம்பெண் போலீஸ் காவலில் இறந்தபோது தெருவுக்கு வந்த பெண்களின் கோபத்தை, இந்த அடைபட்ட வழியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஷிராஸ் குதிரை வியாபாரியின் பேரன் இங்கே என்ன ஆனார்? அவர்தான் சர் மிர்சா இஸ்மாயில், 1926 முதல் 1941 வரை மைசூர் திவான். மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரோடு படித்தவர். மண்டியா சர்க்கரை ஆலையும் பெங்களூரு டவுன் ஹாலும் அவர் காலத்தவை. வந்தேறிக் குடும்பத்தின் பிள்ளையை நம்பி நிர்வாகத்தையே ஒப்படைத்த அந்த மைசூரை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஈரானின் பொருளாதாரம் இன்றும் எண்ணெய், எரிவாயு மீதே நிற்கிறது. எரிவாயு இருப்பில் ரஷ்யாவுக்கு அடுத்த இடம். குங்குமப்பூ விளைச்சலில் உலகில் முதலிடம். ஈரானோடு செய்த அணு ஒப்பந்தத்திலிருந்து 2018இல் அமெரிக்கா விலகி மீண்டும் தடைகள் விதித்ததில் ரியாலின் மதிப்பு சரிந்தது, விலைவாசி ஏறியது. அடி விழுந்தது சம்பளக்காரக் குடும்பங்களின் மேல்தான். இந்தியாவும் 2019 மே மாதம் ஈரானிய எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. ஆனால் பாசுமதி அரிசி ஏற்றுமதி தொடர்ந்தது.

ஈரானிடம் வாங்காவிட்டாலும் ஹோர்முஸ் நம்மை விடாது. சாதாரண காலங்களில் உலக எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த நீரிணை வழியே போகிறது. ஈராக், சவுதி எண்ணெயும் கத்தார் எரிவாயுவும் இந்தியாவுக்கு வருவது அந்த வழியில். அங்கே பதற்றம் என்றால் பெங்களூரு பெட்ரோல் பங்கில் கவலை. 2024 மே மாதம் சாபஹார் துறைமுகத்தின் ஒரு முனையத்தைப் பத்தாண்டு நடத்த இந்தியா ஒப்பந்தம் போட்டது. பாகிஸ்தானைத் தொடாமல் ஆப்கானிஸ்தானுக்கும் மத்திய ஆசியாவுக்கும் சரக்கு அனுப்புவதே நோக்கம். சாபஹார் நீரிணைக்கு வெளியே, ஓமான் வளைகுடாக் கரையில் இருக்கிறது. அங்கே போகும் இந்தியக் கப்பல் ஹோர்முஸைக் கடக்க வேண்டியதில்லை.