எஞ்சின் தட்டும் ஓசையும் குடும்பத்தின் வரவு செலவும்



சொந்த ஊரை விட்டு மும்பையில் குடியேறிய விசுவாசக் குடும்பம் ஒன்று, பல வருட ஜெபத்திற்குப் பின் ஒரு பழைய காரை வாங்கியது. ஆராதனையில் சகோதரர் கண்ணீரோடு சாட்சி கூறினார். சில வருடங்களில் அதன் எஞ்சினிலிருந்து "டிக் டிக்" என்று மெல்லிய ஓசை எழுந்தது. அவரோ பாடல்களின் சத்தத்தைக் கூட்டிவைத்தார். மூன்று மாதங்களுக்குப் பின், மேம்பாலம் ஏறுகையில் அது "டொக் டொக்" என்ற கனத்த தட்டலாயிற்று.

இவ்விரண்டு ஓசைகளின் வித்தியாசத்தை நாம் அறிந்திருப்பது நல்லது. எஞ்சினின் மேற்பகுதியில் எழும் மெல்லிய ஓசை, பெரும்பாலும் டேப்பெட்டின் இடைவெளி கூடியதாலோ ஆயில் குறைந்ததாலோ உண்டாவது. சிறு செலவில் தீரக்கூடியது. அடிப்பகுதியிலிருந்து எழுந்து, வேகம் கூடக் கூட வலுக்கும் தட்டலோ, கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்ததின் அடையாளமாயிருக்கலாம். அதற்குமேல் ஓட்டலாகாது. ஓட்டினால் கிராங்க் ஷாஃப்ட் கெடும். ராட் முறிந்தால் எஞ்சின் பிளாக்கே உடைந்துபோகும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலும் உடனே நிறுத்துங்கள்.

வாரம் ஒருமுறை காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, டிப்ஸ்டிக் என்னும் ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடியும் செருகி அளவைப் பாருங்கள். இரு குறிகளுக்கு நடுவே ஆயில் நிற்கவேண்டும். அச்சகோதரர் உருவியபோது கம்பியின் முனைகூட நனைந்திருக்கவில்லை!

எஞ்சினை இறக்கவேண்டும், 65,000 ரூபாய் ஆகும் என்றார் மெக்கானிக். பழுது பார்த்தாலும் அந்தக் கார் 90,000 ரூபாய்க்குமேல் போகாது. மகளின் கல்லூரிக் கட்டணமோ அடுத்த மாதம் செலுத்தவேண்டியிருந்தது. "பாஸ்டர், கர்த்தர் கொடுத்த காரை விற்றால் என் சாட்சி கெடாதா?" என்று கலங்கினார்.

கோபுரம் கட்டுகிறவன் முன்னதாகவே கணக்குப் பார்ப்பதைக் குறித்து, லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் போதித்ததை நினைப்பூட்டினேன். கணவனும் மனைவியும் ஜெபித்துவிட்டு, தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார்கள். வேறொரு மெக்கானிக்கைக் கொண்டு ஆயில் பிரஷரை அளந்து, கோளாறை உறுதி செய்தார்கள். உதிரிபாகம், லேத் வேலை, கூலி எனத் தனித்தனியே எழுதி வாங்கினார்கள். வேறு பழைய எஞ்சினைப் பொருத்தினால் செலவு குறையும். ஆனால் அதன் எண்ணை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிவு செய்தாகவேண்டும். 15 வருடப் பதிவுக்காலம் முடிய 2 வருடங்களே மீதியிருந்தன. பின்பு தகுதிச் சோதனைக்குக் காட்டி, கட்டணம் செலுத்தியே 5 வருடங்களுக்குப் புதுப்பிக்க முடியும். டயர்களும் தேய்ந்திருந்தன.

மற்ற பாகங்கள் உறுதியாயிருந்து, கார் இன்னும் பல வருடம் ஓடுமானால் எஞ்சின் வேலை செய்வதே ஞானம். இவர்களுக்கோ கணக்கு ஒத்துவரவில்லை. கோளாறை மறைக்காமல் சொல்லி, 25,000 ரூபாய்க்கு விற்றார்கள். அத்தொகை மகளின் கட்டணத்தோடு சேர்ந்தது.

இப்பொழுது அக்குடும்பம் லோக்கல் ரயிலில் ஆராதனைக்கு வருகிறது. விற்ற மறுவாரமே அவர் எழுந்து, "காரைக் கொடுத்த கர்த்தர், கடனில் விழாமலும் காத்தார்" என்று சாட்சி கூறினார். சபையார் ஸ்தோத்திரம் செலுத்தினோம்.

பிரியமானவர்களே, சிறு ஓசையைப் பாட்டுச் சத்தத்தால் மூடாதிருங்கள். வீட்டில் மனைவியோ பிள்ளையோ மெல்ல முறையிடும்போதும் அப்படியே. ஏற்றகாலத்தில் கேட்கும் செவியைக் கர்த்தர் நமக்கு அருள்வாராக. ஆமென்.