குட்டி ஓகே... அம்மா எங்கே?

காதலிக்குப் பிறந்தநாள் வருது. டெடி பியர், கிரீட்டிங் கார்டெல்லாம் போரடிச்சிருச்சு. 'ஒரு லேப்ரடார் குட்டி வாங்கிக் கொடுத்து அசத்திரலாமா மச்சி?' என்று ரூம்மேட்ஸிடம் காசு திரட்டிக்கொண்டிருக்கிற ஆளா நீங்கள்? பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் லூசியைப் பற்றிக் கொஞ்சம் தெரிஞ்சுக்குங்க பாஸ்!

லூசி, பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் ஒரு 'பப்பி ஃபார்ம்'ல அடைபட்டுக் கிடந்த பெண் நாய். கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் ஜாதி. பேரில்தான் ராஜா, வாழ்ந்தது கைதி வாழ்க்கை. கூண்டிலேயே வருஷக்கணக்கில் குட்டி போட்டுப் போட்டு, இனி முடியாது என்ற நிலை வந்ததும் கழித்துவிட்டார்கள். 2013-ல் மீட்கப்பட்டபோது, நடக்கவே இடமில்லாமல் கிடந்ததால் இடுப்பு மூட்டு இறுகிப்போயிருந்தது. முதுகெலும்பு வளைந்திருந்தது. அங்கங்கே முடி கொட்டியிருந்தது. போதாததற்கு வலிப்பு வேறு!

மெஷினா... உயிரா?

இந்தப் பண்ணைகளின் கணக்கு ரொம்ப சிம்பிள். பெண் நாய் வருஷத்துக்குச் சுமார் ரெண்டு தடவை பருவத்துக்கு வரும். கர்ப்ப காலம் ஏறக்குறைய 63 நாள். ஒரு பருவத்தைக்கூட வீணாக்காமல் இணை சேர்த்துக்கொண்டே இருந்தால், குட்டிக்குக் குட்டி காசு. நல்ல சாப்பாடு, தடுப்பூசி, டாக்டர் செலவையெல்லாம் வெட்டினால் லாபம் இன்னும் ஏறும். நம்ம மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் பாஷையில் சொன்னால், மெயின்டனன்ஸே பண்ணாமல் மூணு ஷிஃப்டும் மெஷினை ஓட்டி, நின்னுபோனதும் ஸ்கிராப்பில் போடுகிற வேலை.

குட்டி மட்டும் குளிப்பாட்டி, ரிப்பன் கட்டி, கடைக்கு வந்துவிடும். அம்மா எந்த இருட்டில் கிடக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. மொத்த பிசினஸும் ஓடுவது அந்த 'தெரியாது' மேலதான்!

உடம்பு ஆறும்... மனசு?

மீட்டுக் கொண்டுவந்ததும் முதல் வேலை ஆஸ்பத்திரி. சிக்கு விழுந்த முடியை மழித்து, வளைந்து வளர்ந்த நகங்களை வெட்டி, சொத்தைப் பற்களைப் பிடுங்கி, கருத்தடை ஆபரேஷனும் செய்கிறார்கள். பல நாய்களுக்கு இதெல்லாம் சில வாரங்களில் முடிந்துவிடும். மனசுதான் லேட் பிக்கப்!

அமெரிக்காவில் ஃபிராங்க்ளின் மெக்மில்லன் என்ற கால்நடை மருத்துவர் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. 2011-ல் வெளியான அதில், பண்ணைகளில் இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்து, பிறகு வீடுகளுக்குப் போன 1,169 நாய்களைச் சாதாரண வளர்ப்பு நாய்களோடு ஒப்பிட்டார்கள். பண்ணை நாய்களிடம் பயம் அதிகம். சும்மா வெறித்துப் பார்த்துக்கொண்டே நிற்பதும் அதிகம். வெளியே வந்து வருஷங்கள் ஆன பிறகும் இப்படி! ஆனால் ஓர் ஆச்சரியம்... முன்பின் தெரியாதவர்கள் மேல் பாய்கிற குணம் இவற்றிடம் குறைவாகத்தான் இருந்தது. அவ்வளவு கொடுமைப்பட்ட ஜீவன் கடிக்க வரவில்லை. மூலையில் ஒடுங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

காரணம் உண்டு. நாய்க்குட்டிக்கு 3-வது வாரத்திலிருந்து சுமார் 12-வது வாரம் வரைதான் உலகத்தைப் பழகிக்கொள்கிற முக்கியமான காலம். அந்த நேரத்தில் மனுஷன், மாடிப்படி, புல்தரை, டி.வி. சத்தம் என எதையுமே பார்க்காமல் கூண்டுக்குள் வளர்ந்தால், பிறகு எல்லாமே பூதம்தான்.

சிக்கன் துண்டும் சீனியர் நாயும்

இதை எப்படிச் சரிசெய்கிறார்கள்? பக்கத்தில் போய்க் கொஞ்சக்கூடாது. கண்ணுக்குக் கண் பார்க்கக்கூடாது. ஒரு பக்கமாகத் திரும்பித் தரையில் உட்கார்ந்து, சிக்கன் துண்டைத் தூரமாகப் போட வேண்டும். வந்து சாப்பிட்டால் நாளைக்கு அரை அடி பக்கத்தில். பயந்தால் மறுபடி பழைய இடம். 'மனுஷன் வந்தால் நல்லது நடக்கும்' என்று நாயே கண்டுபிடிக்கிற வரைக்கும் இதேதான், தினமும்!

இன்னொரு ஐடியா, தைரியமான ஒரு நாயைக் கூடவே விடுவது. அது மனுஷர்களிடம் வாலாட்டிக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து இதுவும் எட்டு வைக்கும். ஃபர்ஸ்ட் இயர்ல நம்ம கையைப் பிடிச்சு கேன்டீனைக் காட்டின நல்ல சீனியர் மாதிரி!

அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. அமைப்பு, இப்படி அதீத பயத்தில் இருக்கும் நாய்களுக்காகவே வட கரோலினா மாநிலத்தில் 2018-ல் ஒரு நிரந்தர மையம் திறந்தது. அவர்களுடைய சிகிச்சை பற்றி 2022-ல் வந்த ஆய்வில், 441 நாய்களில் 86 சதவிகிதம் தேறி வெளியே வந்ததாகச் சொல்கிறார்கள். நம்ம ஊர் செமஸ்டர் ரிசல்ட்டை நினைச்சுப் பாருங்க... சூப்பர் பாஸ் பர்சன்டேஜ்ல?

லூசி வாங்கிக் கொடுத்த சட்டம்

லூசிக்கும் ஒரு வீடு கிடைத்தது. சாய்வதற்கு ஒரு மடியும் கிடைத்தது. 2016-ல் இறந்துபோனது. வெளியே வந்து வாழ்ந்தது மூணு, நாலு வருஷம்தான். ஆனால் மார்க் ஆப்ரஹாம் என்ற கால்நடை மருத்துவர் அதோடு விடவில்லை. அதன் பெயரிலேயே பிரசாரம் நடத்தினார். விளைவு, 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் 'லூசி சட்டம்' நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய், பூனைக் குட்டிகளைக் கடைக்காரர்களும் இடைத்தரகர்களும் விற்கக்கூடாது. வளர்ப்பவரிடமே நேரில் போய், குட்டியை அதன் அம்மாவோடு பார்த்துத்தான் வாங்கணும். இல்லையா, காப்பகத்திலிருந்து தத்தெடுத்துக்கலாம்.

'அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ல' என்று நழுவாதீங்க. நம் நாட்டிலும் 2017-ல் நாய் வளர்ப்பு மற்றும் விற்பனைக்கான மத்திய அரசு விதிகள் வந்தன. நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர், மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 18 மாதம் ஆகாத நாயை இணை சேர்க்கக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவும் கூடாது. ஏட்டில் இருக்கிற இந்த விதிக்கு உயிர் கொடுக்க வாங்குகிறவரும் வாயைத் திறக்கணும்.

வாங்கும் முன் கேளுங்க!

* குட்டியோட அம்மா எங்கே? நான் இப்பவே பார்க்கலாமா?
* அம்மாவுக்கு என்ன வயசு? இது எத்தனையாவது ஈற்று?
* உங்க பதிவுச் சான்றிதழைக் காட்டுங்க.
* குட்டிக்கு எத்தனை வாரம்? தடுப்பூசி அட்டை எங்கே?

'பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க, குட்டியைக் கொண்டுவந்து தர்றேன்' என்று பதில் வந்தால், சந்தேகமே வேண்டாம்... எஸ்கேப்! அப்போ 'பாவமா இருக்கே, நாமளாவது காப்பாத்துவோம்' என்று காசைக் கொடுத்து வாங்கவும் செய்யாதீர்கள். நீங்கள் தூக்கி வருவது ஒரு குட்டியை. கொடுத்துவிட்டு வருவதோ, அதன் அம்மா அடுத்த ஈற்றுக்குத் தயாராவதற்கான முதலீட்டை. விலங்குகள் நல வாரியத்துக்கோ, போலீஸுக்கோ புகார் கொடுத்தால் அந்த அம்மாவுக்கும் வெளியே வர ஒரு வழி பிறக்கும்.

நாய் வளர்த்தே ஆகணுமா? சென்னை ப்ளூ கிராஸ் மாதிரியான காப்பகங்களில் எத்தனையோ ஜீவன்கள் வீட்டுக்காகக் காத்திருக்கின்றன. அப்பா, அம்மாகிட்ட பர்மிஷன் வாங்கிட்டுப் போங்க. பத்துப் பதினைந்து வருஷ பொறுப்பு பாஸ், பிறந்தநாளோடு முடியாது!