52,000 ரூபாய்க்கு வாங்கின என் முதல் கார்: அது சொல்லிக்கொடுத்த கணக்கு



"சம்பளம் 42,000 வருது ப்ரோ. 8 லட்சம் லோன் போட்டு புது கார் எடுக்கலாமா?" நம்ம சேனலுக்கு திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்ல இதுவும் ஒண்ணு. இதுக்கு ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில பதில் சொல்ல எனக்கு வராது. ஏன்னா, இந்தக் கேள்வியைப் படிச்சாலே எனக்கு ஒரு பழைய வெள்ளை கார்தான் ஞாபகத்துக்கு வரும். இன்னைக்கு அந்தக் காரோட கதையையும், அதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கையும் சொல்றேன். படிச்சு முடிச்சதும் உங்க பதிலை நீங்களே எடுத்துடலாம்.

வெள்ளை நிற 800

2011 ஆகஸ்ட். அம்பத்தூர்ல வேலை, கையில வர்ற சம்பளம் 23,000. அப்போ நான் வாங்கினது 1999 மாடல் மாருதி 800. விலை 52,000. எனக்கு முன்னாடி இரண்டு பேர் ஓட்டின வண்டி.

இந்தக் காரைப் பத்தி தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1983 டிசம்பர்ல வந்த கார் இது. 796 சிசி, மூணு சிலிண்டர் என்ஜின். நம்ம அப்பா, சித்தப்பா தலைமுறையில நிறைய குடும்பங்களுக்கு முதல் கார் இதுதான். 2010 ஏப்ரல்ல பிஎஸ்-4 விதி வந்தப்போ சென்னை உட்பட பெரிய நகரங்கள்ல புது வண்டி விற்பனை நின்னுடுச்சு. 2014 ஜனவரியில உற்பத்தியே முடிஞ்சுது. அத்தனை வருஷம் ஓடின மாடல்ங்கிறதால, எந்த ஊர்ல நின்னாலும் இதைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் இருப்பார், பார்ட்ஸும் கிடைக்கும். நான் இதை எடுத்ததுக்கு முதல் காரணமே அதுதான்.

என்னோடதுல வயசுக்கே உரிய எல்லாமே இருந்துச்சு. காலையில சோக்கை இழுத்தாத்தான் ஸ்டார்ட் ஆகும். டிரைவர் பக்கக் கதவு உள்ளே இருந்து திறக்காது. கண்ணாடியை கையால சுத்தி இறக்கி, கையை வெளியே விட்டுத் திறக்கணும். ஏசி இருந்துச்சு. ஆனா நாலு பேர் உட்கார்ந்து மேம்பாலம் ஏறணும்னா ஏசியை அணைச்சே ஆகணும். இதையெல்லாம் பத்து நாள்ல பழகிக்கிட்டேன்.

முதல் தடவை செஞ்சி பக்கத்துல இருக்கிற எங்க ஊருக்கு ஓட்டிட்டுப் போனேன். அம்மா மாலை வாங்கிப் போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சாங்க. அப்பா திண்ணையிலயே உட்கார்ந்திருந்தார். "பழைய காருக்கு எதுக்குடா மாலை?"ன்னு கேட்டார். மறுநாள் காலையில எழுந்து பார்த்தா, வாளியும் துணியுமா அந்த வண்டியைக் கழுவிட்டிருந்தது அவர்தான். அதுக்கப்புறம் ஒவ்வொரு முறை போகும்போதும் அது அவரோட வேலையாவே ஆயிடுச்சு. திரும்பும்போது பின்னாடி டிக்கியில ஒரு மூட்டை அரிசியும், இரண்டு தேங்காயும் இருக்கும்.

சென்னையில வாடகைக்கு இருந்த நாங்க நாலு பேரும் ராத்திரி பத்து மணிக்கு மேல கிளம்பி, ஈசிஆர்ல மாமல்லபுரம் வரைக்கும் போய் டீ குடிச்சுட்டு வருவோம். எங்க நிறுத்தினாலும் கவலை கிடையாது. யாராவது கோடு போட்டாலும், ஏற்கெனவே இருக்கிற கோடுகளோட அதுவும் ஒண்ணு, அவ்வளவுதான்.

அதே மாசம் வந்த இன்னொரு கார்

என் ரூம்மேட்டுக்கும் அதே சம்பளம்தான். அதே மாசம் அவன் புது ஹேட்ச்பேக் எடுத்தான். லோன் 4 லட்சம், 11.5 சதவீத வட்டி, 5 வருஷம். இஎம்ஐ 8,800. சம்பளத்துல 38 சதவீதம். வட்டி மட்டும் மொத்தமா 1,28,000 ரூபாய்.

அவன் கார்ல உட்கார்ந்தா எனக்கும் ஆசை வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவன் கட்டுற இஎம்ஐயைப் பார்த்து நான் ஒரு வேலை பண்ணினேன். 'நானும் லோன் எடுத்ததா நினைச்சுப்போம்'னு மாசம் 7,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போட்டேன். கார் பழசா இருக்கிறதால மிச்சமாகிற பணம் எங்க போகுதுன்னு கண்ணுக்குத் தெரியணும்னு நினைச்சேன்.

2013 பிப்ரவரி

ஒரு சனிக்கிழமை ஊர்ல இருந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி. வேர்வையில சட்டை நனைஞ்சிருந்துச்சு. 108-க்கு அடிச்சோம். வண்டி வர நேரமாகும்னு தெரிஞ்சதும் அப்பாவை என் கார்ல ஏத்திட்டேன். சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆகல. இரண்டாவது தடவையும் ஆகல. பின் சீட்ல அம்மா சத்தமே இல்லாம அழுதுட்டிருந்தாங்க. மூணாவது தடவை சோக்கை முழுசா இழுத்ததும் பிடிச்சுது. விழுப்புரம் போய்ச் சேர்ற வரைக்கும் நான் அந்த வண்டியோட பேசிட்டே ஓட்டினேன்.

அங்க முதலுதவி கொடுத்து, புதுச்சேரிக்கு அனுப்பினாங்க. ஒரு ஸ்டென்ட் வச்சாங்க. பில் 1,62,000. அப்பாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்து வைக்காதது என் தப்பு.

ஆர்டியை உடைச்சேன். 18 மாசத்துல வட்டியோட சேர்த்து 1,34,000 இருந்துச்சு. மீதி 28,000. ரூம்மேட்டுக்கு போன் பண்ணினேன். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "டேய், இஎம்ஐ போக இந்த மாசம் என்கிட்ட 3,000 தான்டா இருக்கு, அதை அனுப்புறேன்"னு சொன்னான். அனுப்பவும் செஞ்சான். மீதியை அக்கா கொடுத்தாங்க. இருந்தது மொத்தத்தையும் கொடுத்தவன் அவன். அவன் மேல எனக்கு அன்னைக்கும் வருத்தம் இல்லை, இன்னைக்கும் இல்லை. ஒரே சம்பளம் வாங்குற இரண்டு பேர்ல, ஒருத்தன் கையில 1,34,000-மும் இன்னொருத்தன் கையில 3,000-மும் இருந்ததுக்கு நாங்க எடுத்த கார் ஒரு பெரிய காரணம். நான் மறக்காம வச்சிருக்கிற கணக்கு இதுதான்.

உண்மையான செலவு எவ்வளவு?

2014-ல வண்டியை வித்தேன். மூணு வருஷக் கணக்கு இது (பெட்ரோல் சேர்க்காம):

- வாங்கின விலைக்கும் வித்த விலைக்கும் வித்தியாசம் (52,000 – 32,000): 20,000
- வாங்கின உடனே டயர், பேட்டரி, கிளட்ச்: 14,500
- அதுக்கப்புறம் ரிப்பேர், சர்வீஸ்: 22,000
- தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்: 4,000

மொத்தம் 60,500. மாசத்துக்கு சுமார் 1,680 ரூபாய்.

ஏன் இவ்வளவு குறைவு? கார்ல நமக்கு ஆகுற பெரிய செலவு பெட்ரோல் இல்லை, தேய்மானம். இன்சூரன்ஸ்ல ஐடிவி கணக்கிடுற அட்டவணையைப் பாருங்க. 6 மாசம் தாண்டினாலே 15 சதவீதம் கழியும். நாலு வருஷம் தாண்டி, அஞ்சாவது வருஷத்துல 50 சதவீதம் கழிஞ்சிருக்கும். அந்த அடியை எனக்கு முன்னாடி ஓட்டின இரண்டு பேர் வாங்கிட்டாங்க.

இப்போ முதல்ல கேட்ட கேள்விக்கு வருவோம். 8 லட்சம் லோன், 9.5 சதவீதம், 7 வருஷம்னா இஎம்ஐ சுமார் 13,075. வட்டி மட்டும் கிட்டத்தட்ட 2,98,000. அஞ்சாவது வருஷம் முடியும்போது வண்டி மதிப்பு பாதியாகியிருக்கும், உங்களுக்கு இன்னும் 24 இஎம்ஐ பாக்கி இருக்கும். 42,000 சம்பளத்துல இது 31 சதவீதம். பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் தனி.

ஆனா, நான் ஏன் வித்தேன்?

இதையும் சொல்லலைன்னா நான் உங்களை ஏமாத்துறதா அர்த்தம். அந்தக் கார்ல ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. மனைவி கர்ப்பமா இருந்தப்போ ஒரு மழை நாள்ல, ஜிஎஸ்டி ரோட்ல பிரேக் அடிச்சேன். வண்டி வழுக்கிட்டே போய், முன்னாடி நின்ன லாரிக்கு இரண்டடி தள்ளி நின்னுச்சு. வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "குழந்தையை இதுல கூட்டிட்டுப் போக வேண்டாங்க." அடுத்த மாசமே வித்துட்டேன். சிக்கனத்துக்கும் ஒரு எல்லை உண்டு.

அதனால, நீங்க 15 வருஷ வண்டியைத் தேடாதீங்க. 2019-ல இருந்து புதுக் கார்கள்ல ஏபிஎஸ்ஸும் டிரைவர் ஏர்பேக்கும் கட்டாயம். அதுக்கப்புறம் தயாரான, தேய்மானத்துல பெரிய பங்கு முடிஞ்ச வண்டியைப் பாருங்க.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

- காலையில, என்ஜின் சூடாகாம இருக்கும்போதே போய் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கை கூட்டிட்டுப் போங்க.
- பரிவாகன் தளத்துல ஆர்சி விவரம், பாக்கி இருக்கிற அபராதம் எல்லாம் பாருங்க. ஆர்சியில லோன் பதிவு இருந்தா, அதை நீக்கின பிறகு பணம் கொடுங்க.
- ஃபார்ம் 29, 30 போட்டு பெயரை உடனே மாத்துங்க. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பெயருக்கு மாத்த விண்ணப்பிக்கணும். பழைய ஓனரோட நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.
- தனிநபர் காருக்கு ஆர்சி 15 வருஷம். அதுக்கப்புறம் தகுதிச் சோதனை செஞ்சுதான் புதுப்பிக்க முடியும். மீதி எத்தனை வருஷம்னு பார்த்து விலை பேசுங்க.
- கையில இருக்கிற பணம் மொத்தத்தையும் வண்டிக்கே கொடுத்துடாதீங்க. கால்வாசியை முதல் ஆறு மாச ரிப்பேருக்கு வைங்க.
- மிச்சமாகுற இஎம்ஐயை ஆர்டியோ எஸ்ஐபியோ, ஏதாவது ஒண்ணுல தானா போற மாதிரி போடுங்க. இல்லைன்னா அது காணாமப் போயிடும்.

கடைசியா ஒண்ணு. என் காரை வாங்கினவர், மகள் ஓட்டிப் பழகட்டும்னு வாங்கினார். அந்தப் பொண்ணுக்கு சோக் எவ்வளவு இழுக்கணும், கதவை எப்படித் திறக்கணும்னு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். தெரு முனை திரும்பற வரைக்கும் பார்த்துட்டு, அப்பாவுக்கு போன் பண்ணி "வண்டியை வித்துட்டேன்பா"ன்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார்: "கழுவிக் குடுத்தியா?"

கழுவிக் குடுத்தேன், நண்பர்களே. அடுத்த பதிவுல சந்திப்போம்.