சூளை ஆறும்வரை சிறப்பு விருந்தினர் காத்திருக்கட்டும்

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் சுங்கை பாக்காப், நிபோங் திபால் பக்கத்துக் கடைகளில் மண்பானை தேட ஆரம்பிப்போம். கையில் எடுத்து, சுண்டிப் பார்த்து, "மண்ணுக்கு இவ்வளவு விலையா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் வாங்குபவர்கள் குறைவு. அந்தப் பானையோடு சூளைக்குள் போன மற்ற பானைகளில் எத்தனை விரிந்தன, எத்தனை உடைந்தன என்பதை நாம் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க வைக்கும் நிகழ்ச்சிதான் சூளை திறப்பு.

குயவர்கள் பேச்சில் இதற்குச் 'சூளை பிரித்தல்' என்று பெயர். நாட்டுச் சூளைக்குக் கதவு கிடையாது. காய்ந்த பானைகளை அடுக்கி, இடையிடையே விறகும் வறட்டியும் தென்னை மட்டையும் வைத்து, மேலே வைக்கோல் பரப்பிச் சேறு பூசி மூடுவார்கள். எரிந்து ஆறிய பிறகு அந்தச் சேற்று ஓட்டை உடைத்துப் பானைகளை வெளியே எடுப்பார்கள். கோலசிலாங்கூர், கம்போங் குவாந்தான் வட்டாரத்தில் பானை செய்யும் தமிழ்க் குடும்பங்களைப் பலர் அறிவார்கள். பொங்கல் பானை, அகல் விளக்கு, கோயில் தீச்சட்டி, இறுதிச் சடங்குக்கான கொள்ளிக்குடம் எல்லாம் குயவர் கையிலிருந்துதான் நமக்கு வருகின்றன.

இதையே பொதுமக்களை அழைத்துச் செய்யும் வழக்கம் கலைப் பட்டறைகளில் வளர்ந்திருக்கிறது. சிங்கப்பூர் ஜூரோங்கில் 1940இல் கட்டப்பட்ட தௌ குவாங் டிராகன் சூளை இன்னும் இருக்கிறது. விறகு போட்டு எரிக்கும் அந்த நீண்ட சூளையில் பலருடைய பாண்டங்கள் ஒன்றாக வேகும். ஆறியபின் அவரவர் பாண்டம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கக் கூடுவார்கள். புதுச்சேரியில் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கத் தம்பதி 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறையிலிருந்து பயிற்சி பெற்று வெளிவந்த பலர் இன்று சொந்தச் சூளை வைத்திருக்கிறார்கள்.

கரும்புத் தோட்டக் காலத்திலிருந்தே தமிழர்கள் வாழும் செபராங் பிறையில், சுங்கை பாக்காப் போன்ற ஒரு சிற்றூரிலும் இப்படியொரு நாளை நடத்த முடியும். பட்டறை சிறியதாக இருந்தாலும் போதும். முதலில் சரியாக வைக்க வேண்டியது தேதியைத்தான்.

நம் நிகழ்ச்சிகளில் தேதியும் நேரமும் சிறப்பு விருந்தினரைப் பார்த்துத்தான் முடிவாகும். சூளைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. களிமண்ணில் குவார்ட்ஸ் என்னும் படிகத் துகள்கள் கலந்திருக்கும். சூடு 573 பாகை செல்சியஸைக் கடக்கும்போது அவற்றின் அமைப்பு சட்டென்று மாறும். ஏறும்போது விரியும், இறங்கும்போது சுருங்கும். வெளிப்புறம் வேகமாக ஆறி உட்புறம் இன்னும் கொதித்துக் கொண்டிருந்தால், அந்தச் சுருக்கம் ஒரே சீராக நடக்காது. பானை வாயிலிருந்து அடிவரை ஒரு மெல்லிய கோடு ஓடிவிடும். சில நேரம் அந்தக் கோடு அன்றைக்கே தெரியாது. அடுப்பில் பால் பொங்கும்போதுதான் தெரியும்!

ஆகவே, உள்ளே 100 பாகைக்குக் கீழே இறங்கும்வரை கதவைத் தொடாமல் இருப்பதே பத்திரம். சிறிய மின்சூளைக்கு ஒன்று, இரண்டு நாள் ஆகலாம். பெரிய விறகுச் சூளைக்குப் பல நாள்கூட ஆகும். அழைப்பிதழில் "காலை மணி 10" என்று அச்சடித்துவிட்டு, சூளை ஆறவில்லையே என்று கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வைப்பது பல நாள் உழைப்பை ஒரு ரிப்பனுக்காகப் பலி கொடுப்பதாகும். ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கித் தேதி வைத்தால் இந்தச் சங்கடமே வராது. வந்தவர்களுக்கு நெருப்பைக் காட்டியே தீர வேண்டும் என்றால், ராக்கு என்ற முறை இருக்கிறது. செக்கச்சிவந்த பாண்டத்தை இடுக்கியால் எடுத்து, உமியிலோ மரத்தூளிலோ போடுவார்கள். அதற்கென்று பதப்படுத்திய களிமண் தேவை. அந்தப் பாண்டம் அலங்காரத்துக்குத்தான், சமையலுக்கு ஆகாது.

இன்னொன்று, புகை. நம் நாட்டில் திறந்தவெளி எரிப்புக்கு 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் கட்டுப்பாடு உண்டு. வைக்கோல் சூளையோ விறகுச் சூளையோ மூட்டும் எண்ணம் இருந்தால் சுற்றுச்சூழல் இலாகா, மாநகர் மன்றம், தீயணைப்பு நிலையம் மூன்றிடமும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். தாமான் வீட்டுப் பின்புறத்தில் சும்மா மூட்டக்கூடாது. திறக்கும்போதும் பிள்ளைகளைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்துங்கள். தொட்டால் சுடாதது போலத் தெரியும் தட்டுகளின் அடியில் சூடு தங்கியிருக்கும்.

கதவு திறந்தபின் பேச்சைக் குறைத்துக்கொண்டால் ஒரு சத்தம் கேட்கும். மெருகு பூசிய பாண்டங்கள் குளிர்காற்று பட்டதும் 'டிங், டிங்' என்று மணி போல ஒலிக்கும். மெருகு மண்ணைவிட அதிகமாகச் சுருங்கி, மயிரிழை போல விரிசல் விடும் ஓசை அது. கேட்க அழகாக இருந்தாலும், அப்படி விரிசல் விட்ட கிண்ணத்தில் குழம்பு ஊற்றி வைக்காதீர்கள். விரிசலுக்குள் புகுந்தது கழுவினால் போகாது.

விரிந்ததையும் கோணியதையும் வெடித்ததையும் என்ன செய்வது? பல பட்டறைகள் விருந்தினர் வருமுன்பே அவற்றை ஒளித்துவிடும். அதுதான் தவறு என்பேன். நல்ல பானைகளுக்குப் பக்கத்து மேசையிலேயே உடைந்தவற்றையும் வையுங்கள். எத்தனை உள்ளே போயின, எத்தனை முழுசாக வந்தன என்று ஒரு பலகையில் எழுதுங்கள். இருபது ரிங்கிட் பானையின் விலையில், விற்க முடியாமல் போன பானையின் மண்ணும் விறகும் கூலியும் சேர்ந்திருக்கின்றன. எவர்சில்வர் பானையோடு விலை ஒப்பிடும் நம் பழக்கம் அந்த மேசை முன்னால்தான் கொஞ்சம் தயங்கும். விலை கட்டுபடியாகாமல் போனால் குயவரின் பிள்ளை ஏன் சக்கரத்தின் முன் உட்கார வேண்டும்? உடைந்த ஓடுகளும் வீணில்லை. பொடித்து அடுத்த களிமண்ணில் கலந்தால் அது சூட்டைத் தாங்க உதவும்.

அன்று பானை வாங்கிப் போகிறவர்கள் நேராக அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து, நிழலில் காயவிட்டு, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிச் சிறு தீயில் கொதிக்க வையுங்கள். இரண்டு, மூன்று முறை இப்படிச் செய்தால் மண்வாடை போய்விடும். பொங்கலன்று காலையில் ஆரம்பித்தால் நேரம் போதாது, அதற்கு முந்தைய வாரமே பழக்கிவிடுங்கள்.