காவலுக்குக் காவல்: தோட்டத்து நாயைத் திருட்டிலிருந்து காப்போம்

விதையைக் காக்கிறோம். நாட்டு மாட்டைக் காக்கிறோம். மண்புழுவைக்கூட வெயில் படாமல் மூடாக்குப் போட்டுக் காக்கிறோம். ஆனால் ராத்திரி முழுக்க இதையெல்லாம் காத்துக்கிட்டுக் கிடக்கிற நாயை யார் காக்கிறது? கூட்டங்களில் நாம் இதைப் பேசுவதே இல்லை. செட்டியார்பட்டியில் தோட்டம் வைத்துக்கொண்டு, ராஜபாளையம் நாயை வாசலில் வைத்துக்கொண்டு, நானாவது பேச வேண்டாமா?

எங்கள் வட்டாரத்து நாயைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, நீண்ட கால், ஒருத்தர் ரெண்டு பேருக்கு மட்டும் அடங்குகிற குணம். 2005 ஜனவரி 9-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, முதோல், ராம்பூர், இமாலய மேய்ப்பு நாயோடு ராஜபாளையமும் இருந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையிலும் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் பேர் சொல்லப்பட்டன. நல்ல விஷயம்தான். ஆனால் பேர் கூடினால் விலை கூடும். விலை கூடினால் களவாணியும் வருவான்.

ஏன் திருடுகிறார்கள்?

நான் பார்த்தவரை மூன்று காரணம்.

ஒன்று, குட்டி. வெள்ளைக் குட்டி கை மாறினால் உடனே காசு. இரண்டு, பெட்டை. நல்ல பெட்டை ஒன்று கிடைத்தால், அடைத்து வைத்து ஈத்துக்கு ஈத்து குட்டி எடுத்து விற்கலாம். இப்படிப் போன பெட்டையின் கதி ரொம்பப் பரிதாபம். மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். ஆட்டையோ மோட்டார் ஒயரையோ தூக்க நினைப்பவன், முதலில் நாயைத் தூக்குவான், அல்லது விஷம் வைப்பான். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் முதலில் நாய் காணாமல் போனது. "எங்கயாவது சுத்தப் போயிருக்கும், வந்துரும்"னு விட்டார்கள். பத்து நாளில் கொட்டகையிலிருந்து நாலு ஆடு போய்விட்டது. அந்த வீட்டு அத்தை சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "ஆடு போனா அடுத்த வருசம் வாங்கிக்கிடலாம்யா. அவ இல்லாம ராத்திரி யாரு முழிச்சிருக்கிறது?"

ஆகவே நாய் காணாமல் போனால், அதை ஒரு முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு அன்றைக்கே கொட்டகைக்குப் பூட்டுப் போடுங்கள்.

நாயை எங்கே வைப்பது?

ரோட்டோரம் கேட்டில் கட்டுவது நம் பழக்கம். வருகிறவன் பயப்படுவான் என்று நினைக்கிறோம். ஆனால் வேவு பார்க்கிறவனுக்கு அதுவே விளம்பரம். நாயின் இடம் தோட்டத்துக்கு உள்ளே, ஆட்டுக்கொட்டகையை ஒட்டி, வீட்டிலிருந்து கண் படுகிற தூரத்தில் இருக்கட்டும். மலையடிவாரத் தோட்டக்காரர்கள் ராத்திரியில் திறந்தவெளியில் சங்கிலி போட்டுக் கட்டாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021-ல் புலிகள் காப்பகம் ஆன பகுதி. சிறுத்தைக்குக் கட்டின நாய் எளிதான இரை. கம்பி வலை அடித்த கூண்டும் உட்புறப் பூட்டும் இருந்தால் சிறுத்தைக்கும் பாதுகாப்பு, திருடனுக்கும் பாதுகாப்பு.

வேலி விஷயத்தில் நம் உயிர்வேலிக்கு ஈடு இல்லை. கிளுவை, கள்ளி, கொடுக்காப்புளி நெருக்கி நட்டு, வருசத்துக்கு ஒரு தடவை வெட்டி அடர்த்தியாக்கினால், மனுசன் நுழைவது சிரமம். நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போவது அதைவிடச் சிரமம்.

ராஜபாளையம் சும்மா சும்மா குரைக்காது. அதனால் கூடவே தெருவில் பிறந்த நாட்டு நாய் ஒன்றை வளருங்கள். இலை அசைந்தாலும் குரைக்கும். அதை எவனும் திருட மாட்டான். நாலு கினிக்கோழி விட்டாலும் நல்லது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஊரையே கூட்டிவிடும்.

குட்டி வாங்கும்போது இன்னொன்று பாருங்கள். இந்த இனத்தில் முழு வெள்ளை நிறத்தோடு செவிட்டுத்தனமும் சேர்ந்து பிறப்பதுண்டு. குட்டி பார்க்காதபோது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். திரும்பாத குட்டி செல்லமாக வளர்க்க ஆகும், காவலுக்கு ஆகாது.

அந்நியன் போடுவதைத் தின்னக் கூடாது

சால்னாவில் நனைத்த புரோட்டா, கறித்துண்டு. திருடனின் ஆயுதம் இவ்வளவுதான். குட்டி மூன்று நான்கு மாதம் இருக்கும்போதே பழக்கத்தை ஆரம்பித்துவிடுங்கள்.

சாப்பாடு எப்போதும் ஒரே தட்டில், வீட்டார் ஒருவர் கையால். தரையில் போடக் கூடாது. பிறகு நாய்க்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு நண்பரைக் கூப்பிட்டு, கறித்துண்டைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். நாய் உங்கள் கையில் கயிற்றோடு இருக்க வேண்டும். பாய்ந்தால் "வேண்டாம்" என்று சொல்லி இழுத்து நிறுத்துங்கள். விட்டுவிட்டு உங்களைப் பார்த்த நொடியில், அதைவிட ருசியான ஒன்றை உங்கள் கையால் கொடுங்கள். அடிக்க வேண்டாம். ஆளையும் இடத்தையும் நேரத்தையும் மாற்றி மாற்றிச் செய்தால் பிடிபட்டுவிடும். பிடிபட்ட பிறகும் மாதம் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். ராத்திரிச் சோறு வயிறு நிறையப் போடுங்கள். பட்டினி கிடக்கிற நாய்க்கு எந்தப் பயிற்சியும் நிற்காது.

பெட்டை பருவத்துக்கு வந்தால் ஏறக்குறைய மூன்று வாரம் பூட்டியே வையுங்கள். அந்த நாட்களில் அது தானாகவே வெளியே ஓடும். கடுவனையும் ஒரு பெட்டையைக் காட்டி எளிதாகக் கூட்டிப் போய்விடலாம். இனவிருத்திக்கு வேண்டாத நாய் என்றால் கருத்தடை செய்துவிடுங்கள். குட்டி போடாத நாய்க்கு விலை இல்லை, விலை இல்லாததைத் திருடவும் ஆள் இல்லை.

குட்டி விற்பவர்கள் படமும் தோட்டத்து அடையாளமும் போட்டு வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம். "தாயைப் பார்க்கணும்" என்று வருகிறவரை ஊருக்குள் வைத்துப் பேசி, யார் எவர் என்று தெரிந்த பிறகு அழைத்து வாருங்கள். 2017-ல் வந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவும் கூடாது.

இது என் நாய் என்று எப்படிக் காட்டுவது?

பத்து வெள்ளை நாயை நிறுத்தினால் போலீஸுக்குப் பத்தும் ஒன்றுதான். நாய் கையில் இருக்கும்போதே அத்தாட்சி சேர்த்து வையுங்கள்.

* இரண்டு பக்கம், முகம், மூக்கு, நகம், தழும்பு என்று தனித்தனியாகப் படம். நீங்களும் நாயும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று.
* அரசு கால்நடை மருந்தகத்தில் வருசா வருசம் வெறிநோய்த் தடுப்பூசி. அந்த அட்டையில் உங்கள் பெயர், நாயின் அடையாளம்.
* வாங்கியபோது விலை எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு.
* முடிந்தால் மைக்ரோசிப். அரிசி மணி அளவு, தோள்பட்டைகளுக்கு நடுவே ஊசியால் போடுவார்கள். ஸ்கேனர் வைத்தால் 15 இலக்க எண் தெரியும். அந்த எண் உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. அதற்கு கழுத்துப்பட்டையில் மாட்டுகிற ஜி.பி.எஸ். கருவி வேண்டும், அதைத் திருடன் கழற்றிவிடலாம்.

காணாமல் போனால்

முதலில் கட்டின இடத்தைப் பாருங்கள். கத்தி பட்ட கயிறு நேராக வெட்டுப்பட்டிருக்கும். கடித்த கயிறு நார் நாராகப் பிரிந்திருக்கும். இரத்தமும் இழுத்த தடமும் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். திருட்டு என்று பட்டால் டீக்கடை, பால் வண்டிக்காரர், மருந்தகம், குட்டி விற்கிற கடைகள் எல்லாருக்கும் அன்றைக்கே படம் போக வேண்டும். ஓர் அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். "நாய் என்கிட்ட இருக்கு, பணம் அனுப்பு" என்று போன் வந்தால், அந்த அடையாளத்தைக் கேட்டால் பொய் தெரிந்துவிடும்.

அடுத்தது எழுத்தில் புகார். நாயை இரை காட்டிக் கூட்டிப் போவது திருட்டா என்று யாராவது கேட்டால் சட்டத்தையே காட்டலாம். 1860-ல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவில் திருட்டுக்கு உதாரணமாகவே இது இருந்தது. கெட்ட எண்ணத்தோடு இரையை வைத்துக்கொண்டு ஒருவன் நடக்க, நாய் பின்தொடர ஆரம்பித்த உடனேயே திருட்டு முடிந்துவிடுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவிலும் அதே உதாரணம் இருக்கிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை. விஷம் வைத்துக் கொன்றால் 325-ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை.

ஆனால் ஒரு சிக்கல். திருடு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால், நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. அதனால் புகாரில் மதிப்பை விட்டுவிடாமல் எழுதுங்கள். மேலே சொன்ன விலைச் சீட்டு இங்கேதான் உதவும். மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். வழக்குப் பதிய வேண்டிய புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பச் சட்டத்தில் வழி உண்டு.

நம் சட்டம் வந்த அடுத்த மாதமே, 2024 ஆகஸ்டில், இங்கிலாந்தில் நாய், பூனையைக் கடத்துவதற்கென்றே தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐந்து ஆண்டு வரை சிறை. நாயை வெறும் பொருளாகப் பார்த்தது போதாது என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது. சாணி தூக்குகிற விவசாயிக்குத் தன் நாயின் மதிப்பு ஐயாயிரத்துக்கு மேலா கீழா என்று கணக்குப் பார்க்கத் தோன்றுமா?

நம் இயக்கம் இரண்டு கேட்கலாம். உழவரின் காவல் நாய் திருடு போனால், விலை பார்க்காமல் வழக்குப் பதிய வேண்டும். நாட்டு இன நாய்களுக்கு அரசு கால்நடை மருந்தகங்களில் இலவசமாக மைக்ரோசிப் போட வேண்டும். அது வரும்வரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு படமும் தடுப்பூசி அட்டையும் எடுத்து வாருங்கள். ஒரு நோட்டுப் போட்டு, நம் ஊர் நாய்களையெல்லாம் பெயர், அடையாளம், உரிமையாளர் என்று எழுதி வைத்துவிடுவோம். விதை வங்கி நடத்தத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா என்ன?