சங்கரன்கோவிலிலிருந்து இலங்கைச் சுற்றுலா: திட்டமிடும் முறை

இலங்கை, தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் பகுதி மக்களுக்கு மிக அருகில் உள்ள வெளிநாடு ஆகும். வெப்பமண்டலத் தீவான இதன் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். இது ஏறத்தாழ தமிழ்நாட்டின் பாதி அளவு. மொழி, உணவு, கோயில் வழிபாடு ஆகியவற்றில் ஒற்றுமை இருப்பதால், முதல் முறையாக வெளிநாடு செல்லும் குடும்பங்கள் பல இந்நாட்டைத் தேர்ந்தெடுக்கின்றன. அருகில் உள்ள நாடு என்பதாலேயே திட்டமிடாமல் கிளம்புவதும் உண்டு. தவறான மாதத்தில் தவறான கரைக்குச் சென்றால், பல மாதம் சேர்த்த பணம் விடுதி அறையில் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே போய்விடும். ஆகவே இலங்கைப் பயணத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது மாதம். எந்த ஊர் என்பது அதற்குப் பிறகுதான் வரும்.

பருவக்காற்றும் ஏற்ற மாதமும்

இலங்கையின் மழையைச் சங்கரன்கோவில்காரர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது, அதே மாவட்டத்தில் உள்ள சங்கரன்கோவிலில் பெரும்பாலும் வறண்ட காற்றே வீசும். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டு வரும் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதே இதற்குக் காரணம். சங்கரன்கோவிலுக்கு அதிக மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது.

இலங்கையிலும் இதே அமைப்புதான். தீவின் நடுவில் உள்ள மலைநாடு இரண்டு காற்றுகளையும் மாறி மாறித் தடுக்கிறது.

மே இறுதி முதல் செப்டம்பர் வரை: யாழ்ப்பாணத்தில் சோழகம் என்று அழைக்கப்படும் தென்மேற்குக் காற்றுக் காலம். கொழும்பு, காலி, இரத்தினபுரி, மலைநாட்டின் மேற்குச் சரிவு ஆகியவற்றில் மழை பெய்யும். தென்மேற்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். அப்போது யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய இடங்கள் வறண்டிருக்கும். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை: வாடைக்காற்றுக் காலம். வடக்கிலும் கிழக்கிலும் மழை பெய்யும். தென்மேற்குக் கரை குளிக்கவும் சுற்றவும் ஏற்றதாக இருக்கும். மலைநாட்டின் மேற்குப் பகுதிக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலம் நல்லது.

அக்டோபர், நவம்பர்: பருவம் மாறும் காலம். தீவு முழுவதும் மழைக்கு வாய்ப்பு உண்டு. வங்கக்கடலில் புயல்கள் உருவாவதும் இக்காலத்தில்தான். 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலால் ஏற்பட்ட வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். மலைநாட்டு ரயில் பாதைகள் சேதமடைந்தன. முதியோரும் குழந்தைகளும் உள்ள குடும்பங்கள் இந்த இரண்டு மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

குற்றாலத்தில் சாரல் என்றால் இலங்கையின் கிழக்குக்கும் வடக்குக்கும் போகலாம் என்று இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பள்ளி விடுமுறையும் திருவிழாக்களும்

பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடைப்பது கோடை விடுமுறையும் அரையாண்டு விடுமுறையும்தான்.

ஏப்ரல் மாத நடுவில் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு வருகிறது. அந்த நாட்களில் கொழும்பில் கடைகள் பல மூடியிருக்கும். சொந்த ஊர் செல்வோரால் பேருந்தும் ரயிலும் நிரம்பி வழியும். நுவரெலியாவில் ஏப்ரல் முழுவதும் உள்ளூர் மக்களின் கோடைக்காலம் என்பதால் அறை வாடகை உயரும். ஏப்ரல் கடைசி வாரம் முதல் மே நடுப்பகுதி வரையிலான காலம் ஓரளவு வசதியானது. மலைப்பகுதியில் பிற்பகலில் இடிமழை வரக்கூடும் என்பதால், வெளியே சுற்றும் வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

அரையாண்டு விடுமுறையான டிசம்பர் இறுதியில் தென்மேற்குக் கரை நன்றாக இருக்கும். ஆனால் மேலை நாட்டுப் பயணிகள் அதிகம் வரும் காலமும் அதுவே. அறைகளை இரண்டு, மூன்று மாதம் முன்பே பதிவு செய்தால்தான் நியாயமான வாடகைக்குக் கிடைக்கும்.

ஆடி மாதத்தில் சங்கரநாராயணர் கோயிலில் ஆடித்தபசு நடைபெறும் காலத்தை ஒட்டியே யாழ்ப்பாணத்தில் நல்லூர் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவும் கண்டியில் எசல பெரஹராவும் நடைபெறுகின்றன. மூன்றும் நாள்காட்டிக் கணக்கில் ஆண்டுதோறும் மாறுவதால், சில ஆண்டுகளில் ஒன்றோடொன்று மோதும். பஞ்சாங்கத்தைப் பார்த்த பிறகே பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு முழுநிலவு நாளும் இலங்கையில் ‘போயா’ எனப்படும் பொது விடுமுறை ஆகும். அன்று மது விற்பனை இல்லை. அலுவலகங்களும் வங்கிகளும் மூடியிருக்கும்.

பாஸ்போர்ட்டும் நுழைவு அனுமதியும்

தென்காசி மாவட்ட மக்கள் பாஸ்போர்ட்டுக்கு இணையவழியில் விண்ணப்பித்து, திருநெல்வேலியில் உள்ள பாஸ்போர்ட் சேவை மையத்துக்குச் செல்லலாம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால், பழைய ஆவணங்களில் முகவரி திருநெல்வேலி மாவட்டம் என்று இருக்கக்கூடும். எல்லா ஆவணங்களிலும் முகவரி ஒத்துப்போகிறதா என்று விண்ணப்பிக்கும் முன் சரிபார்த்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

பெயரிலும் கவனம் தேவை. பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை மட்டும் இட முடியாது. தந்தை அல்லது கணவர் பெயர் முழுமையாக வரும். விமானச் சீட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். குழந்தைகளுக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து ஆண்டு அல்லது 18 வயது, இவற்றில் எது முந்தியதோ அதுவரை செல்லும். பயண நாளில் பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

இலங்கை செல்ல இ.டி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதி பெற வேண்டும். இந்தியருக்கான கட்டணச் சலுகைகள் அடிக்கடி மாறி வந்துள்ளன. ஆகவே பயணத்துக்கு ஓரிரு வாரம் முன்பு இலங்கைக் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தின் இணையதளத்தில் அப்போதைய விதியைப் பார்க்க வேண்டும். அரசுத் தளம் போலவே தோற்றமளித்து அதிகக் கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள் பல உள்ளன. அரசுத் தளத்தின் முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் எல்.கே.’ என்று முடியும்.

செல்லும் வழிகள்

மதுரை வழி: சங்கரன்கோவிலிலிருந்து இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரைக்குச் சாலையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானப் பயணம் சுமார் ஒரு மணி நேரம். தென்மேற்குக் கரைக்கும் மலைநாட்டுக்கும் இதுவே எளிய வழி.

சென்னை அல்லது திருச்சி வழி: பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்தும், 2025 மார்ச் முதல் திருச்சியிலிருந்தும் அங்கு விமானங்கள் இயங்கத் தொடங்கின. வடக்குப் பகுதிக்குச் செல்வோர் கொழும்பு வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. சங்கரன்கோவிலிலிருந்து சென்னைக்குப் பொதிகை விரைவு ரயில் உள்ளது.

நாகப்பட்டினம் வழி: நாகப்பட்டினம், காங்கேசன்துறை இடையே பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, வடகிழக்குப் பருவம் நெருங்கியதால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் 16 முதல் மீண்டும் இயங்கியது. பயண நேரம் சுமார் நான்கு மணி. மழைக்காலத்தில் இச்சேவை நிற்பதால், திரும்பும் நாளைக் கப்பலை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது.

இந்த எச்சரிக்கைக்கு வரலாறும் உண்டு. 1914 முதல் தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பல் வழியாகச் சென்னையிலிருந்து கொழும்புக்கு ‘போட் மெயில்’ பயணச்சீட்டில் செல்ல முடிந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்த வழி முடிந்தது.

நாட்களைப் பங்கிடுதல்

தீவு சிறியது என்று எண்ணி ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயல்வது பொதுவான தவறு. அதிவேகச் சாலைகளைத் தவிர மற்ற சாலைகளில் வாகனம் மெதுவாகவே செல்லும். கொழும்பிலிருந்து கண்டி சுமார் 115 கிலோமீட்டர்தான் என்றாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஆறு நாள் பயணத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பதே சரி.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள், அநுராதபுரத்தில் ஒரு நாள், திருகோணமலையில் இரண்டு நாள், திரும்புவதற்கு ஒரு நாள். நல்லூர், கீரிமலை, யாழ்ப்பாணப் பொது நூலகம் ஆகியவற்றோடு குறிகாட்டுவானிலிருந்து படகில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் செல்லலாம். சங்கன், பதுமன் என்னும் நாக அரசர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அங்குள்ள நாக வழிபாடு அந்நியமாகத் தோன்றாது. திருகோணமலையில் சம்பந்தர் பாடிய கோணேசுவரமும் நிலாவெளிக் கடற்கரையும் உள்ளன.

டிசம்பர் இறுதி முதல் மார்ச் வரை: கண்டியில் இரண்டு நாள், நுவரெலியாவில் ஒரு நாள், காலிப் பகுதியில் இரண்டு நாள், கொழும்பில் ஒரு நாள். கட்டுநாயக்க விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே இருப்பதால், இறங்கியதும் நேராகக் கண்டிக்குப் போய்விடலாம். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் உள்ளது. இரவில் கம்பளி ஆடை தேவைப்படும். மலைநாட்டு ரயிலில் செல்ல விரும்புவோர் சுமார் ஒரு மாதம் முன்பே முன்பதிவைக் கவனிக்க வேண்டும். டிட்வா புயலுக்குப் பிறகு எந்தப் பகுதி வரை ரயில் ஓடுகிறது என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

சீகிரியா போன்ற தொல்லியல் இடங்களில் சார்க் நாட்டினருக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்குப் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். சீகிரியாவில் சுமார் 1,200 படிகள் உள்ளதால், வெயில் ஏறும் முன் ஏறி இறங்குவது நல்லது.

பணம்

2024, 2025 ஆண்டுகளில் ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்றுக்கு மேற்பட்ட இலங்கை ரூபாய் கிடைத்தது. இதைக் கேட்டு எல்லாம் மலிவு என்று எண்ணிவிடக் கூடாது. விலைகளும் அதற்கேற்ப உயர்ந்தே இருக்கும். இந்தியாவிலிருந்து ஒருவர் 25,000 ரூபாய் வரை இந்திய நோட்டுகளை எடுத்துச் செல்லலாம். கூடுதல் தொகைக்கு அங்கீகாரம் பெற்ற நாணய மாற்று நிலையத்தில் டாலர் வாங்கி, ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். 2024 பிப்ரவரி 12 முதல் யு.பி.ஐ. வசதி இலங்கையில் உள்ளது. எனினும் சிறு கடை, ஆட்டோ, பேருந்து ஆகியவற்றுக்குக் கையில் ரொக்கம் அவசியம்.

திருமணத்துக்குச் செல்வதுபோல் நகை அணிந்து செல்வதைத் தவிர்க்க வேண்டும். அணிந்தே ஆக வேண்டும் என்றால், புறப்படும் விமான நிலையத்தில் இந்தியச் சுங்கத் துறையிடம் ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொண்டால் திரும்பும்போது கேள்வி எழாது.

உணவும் மொழியும்

சைவ உணவு உண்போர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தேங்காய்ச் சம்பல், சில காய்கறிக் குழம்புகள் ஆகியவற்றில் மாசிக் கருவாட்டைப் பொடித்துச் சேர்ப்பது இலங்கையில் வழக்கம். ‘மாசி போட்டிருக்கிறதா’ என்று கேட்டுவிட்டு உண்ண வேண்டும். யாழ்ப்பாணம், திருகோணமலை, கொழும்பு ஆகிய நகரங்களில் தனிச் சைவ உணவகங்கள் உள்ளன.

வடக்கு, கிழக்கு, மலைநாட்டுத் தோட்டப் பகுதிகள், கொழும்பின் பல பகுதிகள் ஆகியவற்றில் தமிழிலேயே பேசலாம். சில சொற்கள் மட்டும் மாறும். காய்கறி அங்கே மரக்கறி, நாற்காலி கதிரை, பேக்கரி ரொட்டி பாண், சோப்பு சவர்க்காரம், பேசுவது கதைப்பது. தெற்கிலும் கண்டிப் பகுதியிலும் சிங்களமே பெரும்பான்மை என்றாலும், சுற்றுலா இடங்களில் ஆங்கிலம் உதவும்.

கோயில், விகாரை நடைமுறைகள்

நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் மேலாடை இன்றிச் செல்ல வேண்டும். பௌத்த விகாரைகளில் காலணியும் தொப்பியும் அணியக் கூடாது. தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது அவமதிப்பாகக் கருதப்படும். இது தொடர்பாக வெளிநாட்டுப் பயணிகள் தண்டிக்கப்பட்டதும் உண்டு.

சங்கரன்கோவில் புற்றுமண்ணைப் பிரசாதமாகக் கையோடு எடுத்துச் செல்வது பலருக்குப் பழக்கம். நாடு கடக்கும்போது மண், விதை, செடி ஆகியவை தாவர நோய்த் தடுப்பு விதிகளுக்கு உட்பட்டவை. ஆகவே புற்றுமண்ணை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்வது நல்லது. திருநீறு, குங்குமம் போதும்.

உடல்நலமும் பாதுகாப்பும்

இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார அமைப்பு 2016 செப்டம்பரில் அறிவித்தது. ஆனால் டெங்கு உண்டு. கொசு விரட்டி தேவை. வழக்கமாக உண்ணும் மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

கடலில் குளிப்பதில் கவனம் தேவை. ஆற்றிலும் அருவியிலும் குளித்துப் பழகியவர்களுக்குக் கடலின் இழுப்பு புதிது. சிவப்புக் கொடி உள்ள இடத்தில் இறங்கக் கூடாது. வடக்கில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதைத் தாண்டிச் செல்லக் கூடாது.

காவல்துறை உதவிக்கு 119, இலவச ஆம்புலன்ஸ் சேவைக்கு 1990 என்ற எண்களை அழைக்கலாம். 1990 சேவை இந்திய நிதியுதவியுடன் 2016இல் தொடங்கப்பட்டது. பாஸ்போர்ட் தொலைந்தால், கொழும்பில் உள்ள இந்தியத் தூதரகத்தையோ யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை ஆகிய இடங்களில் உள்ள அதன் அலுவலகங்களையோ அணுகலாம். இதற்காகப் பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றைத் தனிப் பையிலும், மற்றொன்றை ஊரில் உள்ள உறவினரிடமும் வைத்திருக்க வேண்டும்.

திட்டமிடும் வரிசை

முதலில் விடுமுறை மாதம், அதற்கேற்ற கரை, பிறகு அனைவரின் பாஸ்போர்ட், அதன் பின் பயணச்சீட்டும் அறையும், இறுதியில் இ.டி.ஏ., பணம், மருந்து. இந்த வரிசையில் மூன்று மாதம் முன்பே தொடங்கினால் அவசரச் செலவுகள் பெரும்பாலும் குறையும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு இலங்கை வானிலைத் திணைக்களத்தின் அறிவிப்பைப் பார்த்து, பயணத்தை உறுதி செய்துகொள்ளலாம்.